ரிமோட் டெஸ்க்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு யெஸ் அமுக்க வேண்டாம்: சொந்த சர்டிபிகேட் போடும் வழி

போடியில் ஆபீஸ், வண்டன்மேட்டில் தோட்டம், கணக்கு முழுக்க போடி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற டேலியில். ஏலக்காய்த் தொழிலில் இருக்கிற பலருக்கும் அமைப்பு இதுதான். மேலே ஸ்டோரில் காய் எடை போட்டதும் கணக்குப்பிள்ளை ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து, மலைக்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டருக்குள் நுழைந்து என்ட்ரி போடுவார். கம்பம் - குமுளி பக்கமும், செங்கோட்டை - புனலூர் பக்கமும், வாளையார் பக்கமும் இப்படித்தான், சரக்கு மட்டும் வேறு.

இணைக்கும்போது ஒரு எச்சரிக்கைக் கட்டம் வரும். எதிர்முனையில் இருக்கிற கம்ப்யூட்டர் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை, ஆனாலும் இணைக்கவா என்று கேட்கும். "அண்ணே, அந்தக் கட்டம் திரும்பவும் வருது, யெஸ் குடுத்துரட்டுமா?" என்று மேலேயிருந்து போன் வரும், கீழே இருப்பவர் "குடுத்துருப்பா" என்பார். பிறகு போன்கூட வராது, கை தானாக யெஸ்ஸுக்குப் போய்விடும். எனக்கு இதில்தான் கவலை. என்றைக்காவது ஒருநாள் நிஜமாகவே வேறு யாரோ நடுவில் உட்கார்ந்திருந்தாலும் இதே கட்டம்தான் வரும், இதே யெஸ்தான் அமுக்கப்படும். அந்தக் கட்டம் வழக்கமான நாளில் வரவே கூடாது. வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். அப்படி ஆக்குவதற்குத்தான் சொந்த சர்டிபிகேட், அதாவது எதிர்முனையில் இருப்பது நம் கம்ப்யூட்டர்தான் என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்று.

கட்டம் ஏன் வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் தனக்குத் தானே ஒரு சர்டிபிகேட் எழுதிக்கொள்கிறது, அதில் கையெழுத்து போடுவதும் அதே கம்ப்யூட்டர்தான். இணைப்பு என்க்ரிப்ட் ஆகிறது, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது, அதில் குறை இல்லை. ஆனால் யாரோடு என்க்ரிப்ட் ஆகிறது என்பதற்கு வெளியே இருந்து ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. அந்த சர்டிபிகேட்டின் ஆயுளும் 6 மாதம்தான், அதற்குப் பிறகு விண்டோஸ் சத்தமில்லாமல் புதியது ஒன்றைப் போட்டுக்கொள்ளும். "இனிமேல் கேட்காதே" என்று டிக் போட்டு வைத்தவர்களுக்கும் திடீரென்று கட்டம் திரும்ப வருவது இதனால்தான். அதை ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி டிக் போடுகிறார்கள்.

நடுவில் ஒருவன் நுழைந்தால் என்ன ஆகும்? நெட்வொர்க் லெவல் அதென்டிகேஷன், அதாவது திரை திறக்கும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் வசதி, ஆன் ஆகியிருந்தால் பாஸ்வேர்டு அப்படியே அவன் கைக்குப் போகாது. ஆனால் அதை வைத்து உருவான பதில் ஒன்று போகும், பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் சாவகாசமாக உடைக்கலாம். அந்த வசதி இல்லாத பழைய சர்வர் மாதிரி அவன் நடித்து, நம்மவர் லாகின் திரையில் பாஸ்வேர்டை டைப் செய்துவிட்டால், அது நேராக அவனிடமே போய்விடும்.

சரி, வேலைக்கு வருவோம். போடி கம்ப்யூட்டரில் விண்டோஸ் ப்ரோ அல்லது சர்வர் இருக்க வேண்டும், ஹோம் பதிப்புக்குள் இப்படி நுழைய முடியாது. இன்னொரு முக்கியமான விஷயம்: இந்த வேலையை அந்தக் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்து செய்யுங்கள். ரிமோட்டில் இருந்துகொண்டு ரிமோட் டெஸ்க்டாப்பின் சர்டிபிகேட்டை மாற்றி, ஒரு எழுத்து தப்பிப்போனால், போடிமெட்டு வழியாக மலை இறங்கி வந்துதான் சரி செய்ய வேண்டியிருக்கும்.

பெயர்

சர்டிபிகேட் என்பது ஒரு பெயருக்குக் கொடுக்கிற உறுதி. அதனால் முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு நிலையான பெயர் வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் ஐ.பி எண்ணை அடித்து இணைக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சொந்த டொமைன் இருந்தால் அதன் கீழே ஒரு பெயர் வைக்கலாம். இல்லாவிட்டால் இன்டர்னல் என்று முடியும் பெயர் வையுங்கள், உதாரணத்துக்கு "டேலி டாட் போடி டாட் இன்டர்னல்". தனி நெட்வொர்க்குகளுக்கென்றே 2024இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கி வைத்த முடிவு அது, வெளி இணையத்தில் யாரும் அதை வாங்க முடியாது. லோக்கல் என்று முடிக்காதீர்கள், அது வேறொரு வேலைக்குப் பயன்படுவதால் சில சமயம் குழப்பும்.

இந்தப் பெயர் எந்த ஐ.பி என்று மேலே இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐ.பி எண்ணையும் பக்கத்தில் இந்தப் பெயரையும் எழுதிய ஒரு வரி போதும். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி என்ற ஃபோல்டர்களுக்குள் அது இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேவ் ஆகும்.

நீங்கள் வி.பி.என், அதாவது இரண்டு இடத்துக்கும் நடுவில் போடுகிற தனிப் பாதை, வழியாக இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன், வயர்கார்டோ டெயில்ஸ்கேலோ எதுவானாலும் சரி. ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டு நேராக உள்ளே வருகிற அமைப்பு உங்களிடம் இருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்தி முதலில் அதை மூடுங்கள். சர்டிபிகேட் நம் ஆளுக்கு "நீ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய்" என்று சொல்லும், அவ்வளவுதான். வெளியே இருந்து பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்து அடிக்கிறவனை அது தடுக்காது. 2019 மே மாதம் வெளியே வந்த ப்ளூகீப் ஓட்டைக்கு பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை, விண்டோஸ் 7, சர்வர் 2008 மாதிரி பழைய கம்ப்யூட்டர்களில் அந்தப் போர்ட் திறந்திருந்தாலே உள்ளே வர வழி இருந்தது.

யாரிடம் கையெழுத்து வாங்குவது

இரண்டு வழி இருக்கிறது. சொந்த டொமைன் இருந்தால் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற பொதுச் சர்டிபிகேட் அமைப்பில் இலவசமாக வாங்கலாம். டி.என்.எஸ் பதிவை, அதாவது டொமைன் பெயர் எங்கே போகிறது என்று சொல்லும் பதிவை, வைத்து டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்கிற முறை இருப்பதால் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். போன், டேப் எல்லாம் அதைத் தானாகவே நம்பும். ஆனால் 90 நாளில் காலாவதியாகும், ஒவ்வொரு முறையும் புதிய சர்டிபிகேட்டை ரிமோட் டெஸ்க்டாப்போடு திரும்ப இணைக்க வேண்டும். வின்-ஆக்மி என்ற மென்பொருளோடு இதற்கான ஸ்கிரிப்ட்டும் சேர்ந்தே வருகிறது, அதை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் தானாக ஓடும். பொதுச் சர்டிபிகேட்டுகளின் ஆயுளைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள், 2026 மார்ச்சில் இருந்து அதிகபட்சம் 200 நாள், 2027இல் 100, 2029இல் 47 என்று முடிவு செய்தாகிவிட்டது. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் கையால் புதுப்பிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, நீங்களே ஒரு சி.ஏ, அதாவது கையெழுத்து போடும் அதிகாரம் ஆவது. ஆபீசில் ஒன்று, தோட்டத்தில் இரண்டு மூன்று என்று கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். மலையில் மழைக்காலத்தில் நெட் நாள்கணக்கில் படுத்துவிடும், அப்போது புதுப்பிப்பு ஓடியதா இல்லையா என்று கவலைப்பட வேண்டாம் என்பது பெரிய நிம்மதி. கமாண்ட் அடிக்கப் பயப்படுகிறவர்களுக்கு எக்ஸ்.சி.ஏ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, எல்லாம் மவுஸிலேயே முடிந்துவிடும்.

எக்ஸ்.சி.ஏவைத் திறந்து புதிய டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்குங்கள். அதை டேலி கம்ப்யூட்டரில் வைக்க வேண்டாம், ஒரு பென்டிரைவில் வையுங்கள். நல்ல நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் இந்த டேட்டாபேஸில் இருக்கப்போகிற சி.ஏ சாவியை, அதாவது கையெழுத்து போடும் ரகசிய ஃபைலை, உங்கள் எல்லாக் கம்ப்யூட்டரும் நம்பப் போகிறது. அது வேறொருவன் கையில் கிடைத்தால் உங்கள் பேங்க் வெப்சைட் பெயருக்கே அவன் ஒரு சர்டிபிகேட் எழுதலாம், உங்கள் கம்ப்யூட்டர்கள் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். வீட்டுப் பத்திரத்தை எங்கே வைப்பீர்களோ அங்கே அந்தப் பென்டிரைவும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அட்வான்ஸ்ட் பகுதியில் நேம் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் போட்டு, இந்த சி.ஏ உங்கள் இன்டர்னல் பெயர்களுக்கு மட்டுமே கையெழுத்து போட முடியும் என்று கட்டிவைத்தால் இன்னும் நல்லது.

சர்டிபிகேட்ஸ் பகுதிக்குப் போய் நியூ சர்டிபிகேட் கொடுத்து, டெம்ப்ளேட்டில் சி.ஏ என்பதைத் தேர்ந்தெடுத்து, அப்ளை ஆல் அமுக்குங்கள். சப்ஜெக்ட் பகுதியில் உங்களுக்குப் புரிகிற பெயர் ஒன்றைக் கொடுத்து புதிய சாவி உருவாக்குங்கள். சாவி ஆர்.எஸ்.ஏ வகையாகவே இருக்கட்டும், 3072 அல்லது 4096 பிட். எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் பாத் லெங்த் என்ற இடத்தில் 0 போடுங்கள், காலம் 10 வருடம் கொடுங்கள். காலத்தை எழுதிவிட்டுப் பக்கத்தில் இருக்கிற அப்ளை பட்டனை அமுக்கினால்தான் தேதி மாறும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் டேலி கம்ப்யூட்டருக்கான சர்டிபிகேட். திரும்பவும் நியூ சர்டிபிகேட், இந்த முறை மேலே நீங்கள் உருவாக்கிய சி.ஏவால் கையெழுத்து போடும்படி தேர்ந்தெடுத்து, டெம்ப்ளேட்டில் டி.எல்.எஸ் சர்வர் வையுங்கள். காமன் நேம் இடத்தில் அந்த முழுப் பெயர், இதற்கும் தனியாக ஒரு புதிய சாவி. காமன் நேம் மட்டும் போதாது, எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம் என்ற இடத்திலும் டி.என்.எஸ் என்று போட்டு முக்காற்புள்ளி வைத்து அதே பெயரை எழுதுங்கள். கீ யூசேஜ் பகுதியில் டிஜிட்டல் சிக்னேச்சர், கீ என்சைஃபர்மென்ட் இரண்டும், வலப்பக்கம் சர்வர் அதென்டிகேஷனும் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சி.ஆர்.எல், அதாவது ரத்தான சர்டிபிகேட்டுகளின் பட்டியல், அதன் முகவரி இடத்தைக் காலியாக விடுங்கள். மேலே இருந்து எட்ட முடியாத முகவரி ஒன்றை அதில் எழுதிவைத்தால், ரத்தானதா என்று சரிபார்க்க முடியவில்லை என்று புதிதாக ஒரு எச்சரிக்கை கிளம்பும்.

காலம் எவ்வளவு கொடுப்பது? சொந்த சி.ஏ என்பதால் பொதுச் சர்டிபிகேட்டின் கட்டுப்பாடு இல்லை, ஆனால் ஐபேட், மேக் வைத்திருப்பவர்கள் 825 நாளைத் தாண்டக் கூடாது, ஆப்பிள் ஏற்காது. 2 வருடம் பொருத்தமாக இருக்கும். முடிகிற தேதியையும் யோசித்து வையுங்கள். காய் எடுக்கிற மாதங்களில் முடிந்தால் அன்றைக்கு ஒரு சாக்குகூடக் கணக்கில் ஏறாது, மார்ச்சில் முடிந்தால் வருடக் கணக்கு முடிக்கிற நெருக்கடியில் மாட்டும். மே மாதம் முடியும்படி எக்ஸ்.சி.ஏவில் தேதியைக் கையாலேயே போடலாம்.

இப்போது இரண்டு எக்ஸ்போர்ட். சர்வர் சர்டிபிகேட்டை சாவியோடு சேர்த்து பி.எஃப்.எக்ஸ் வடிவத்தில் பாஸ்வேர்டு போட்டு எடுங்கள். சி.ஏ சர்டிபிகேட்டை சாவி இல்லாமல் சி.ஆர்.டி வடிவத்தில் எடுங்கள். இதை மாற்றிச் செய்துவிடாதீர்கள், சி.ஏ சாவி பென்டிரைவை விட்டு எங்கேயும் போகக் கூடாது.

போடி கம்ப்யூட்டரில்

பி.எஃப்.எக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தால், யாருக்கு என்று கேட்கும், லோக்கல் மெஷின் கொடுங்கள். கரன்ட் யூசர் கொடுத்தால் சர்டிபிகேட் உங்கள் கணக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிமோட் டெஸ்க்டாப்பின் கண்ணில் படாது. சாவியைத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்யலாம் என்ற டிக்கைப் போடாதீர்கள். ஸ்டோர் கேட்கும்போது பெர்சனல் என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள். சர்வர் 2016 மாதிரி பழைய விண்டோஸில் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தப்பு என்று சொன்னால், ஃபைல் புதிய வகை என்க்ரிப்ஷனில் இருக்கிறது என்று அர்த்தம். புதிய விண்டோஸ் ஒன்றில் எக்ஸ்போர்ட் செய்யும் அனுமதியோடு ஏற்றி, டிரிபிள்டெஸ் தேர்ந்தெடுத்துத் திரும்ப எடுத்தால் சரியாகும். அங்கே ஏற்றியதை அப்புறம் அழித்துவிடுங்கள்.

ஸ்டார்ட் மெனுவில் மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிபிகேட்ஸ் என்று தேடித் திறங்கள். பெர்சனல், அதற்குள் சர்டிபிகேட்ஸ். புதிய சர்டிபிகேட்டின் படத்தில் ஒரு சின்னச் சாவி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் சாவி இல்லாமல் ஏறியிருக்கிறது, மேலே போகாதீர்கள். ரைட் கிளிக் செய்து ஆல் டாஸ்க்ஸ், மேனேஜ் பிரைவேட் கீஸ் போய், ஆட் கொடுத்து, நெட்வொர்க் சர்வீஸ் என்ற பெயரைச் சேர்த்து, ரீட் அனுமதி மட்டும் கொடுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் அந்தப் பெயரில்தான் ஓடுகிறது. இதைச் செய்யாமல் விட்டால் சர்டிபிகேட் இருக்கும், அதன் சாவியைத் தொட அதற்கு உரிமை இருக்காது. இணைக்கப் பார்த்தால் காரணம் சொல்லாமல் அறுந்துபோகும், ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் எஸ்சேனல் பெயரில் 36870 என்ற எண் கிடக்கும். யாராவது சர்டிபிகேட் போட்டேன் வேலை செய்யவில்லை என்றால் நான் முதலில் கேட்பது இந்த அனுமதியைத்தான்.

அடுத்து சர்டிபிகேட்டைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில் கடைசி வாக்கில் இருக்கிற தம்ப்பிரின்ட்டைப் பாருங்கள், சர்டிபிகேட்டின் கைரேகை மாதிரி அது. 40 எழுத்து இருக்கும், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும். இதை ரிமோட் டெஸ்க்டாப்புக்குச் சொல்ல வேண்டும். பழைய குறிப்புகளில் டபிள்யூ.எம்.ஐ.சி என்ற கமாண்டை வைத்துச் செய்யச் சொல்லியிருப்பார்கள், புதிய விண்டோஸ் 11இல் அது கூடவே வருவதில்லை. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே செய்துவிடலாம். ரெஜெடிட் திறந்து, எச்.கே லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், டெர்மினல் சர்வர், வின்ஸ்டேஷன்ஸ், ஆர்.டி.பி-டி.சி.பி என்று உள்ளே போங்கள். அந்தக் கடைசிக் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கம் நியூ, பைனரி வேல்யூ. பெயர் எஸ்.எஸ்.எல் சர்டிபிகேட் எஸ்.ஹெச்.ஏ1 ஹாஷ், புள்ளியோ இடைவெளியோ இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக. அதைத் திறந்து தம்ப்பிரின்ட்டைக் கையால் டைப் செய்யுங்கள். ஒரு வரிக்கு 8 ஜோடி வீதம் விழும், ஆகவே இரண்டு முழு வரியும் மூன்றாவது வரியில் 4 ஜோடியும் வந்தால் எண்ணிக்கை சரி. பவர்ஷெல்லில் செய்கிறவர்கள் தம்ப்பிரின்ட்டைக் காப்பி எடுக்கும்போது அதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு வரக்கூடும், முதல் எழுத்தை அழித்துக் கையால் அடிப்பது நல்லது.

சர்வீசஸ் திறந்து ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் என்பதை ரீஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே யாராவது இருந்தால் வெளியே தள்ளிவிடும், மேலே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஏதாவது கோளாறானால் நீங்கள் போட்ட அந்த பைனரி வேல்யூவை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தன்னுடைய பழைய சர்டிபிகேட்டுக்கே திரும்பிவிடும்.

மேலே இருக்கிற கம்ப்யூட்டர்களில்

சி.ஏவின் சி.ஆர்.டி ஃபைலை வாட்ஸாப்பில்கூட அனுப்பலாம், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் போய்ச் சேர்ந்தது அதே ஃபைல்தானா என்று போனில் உறுதி செய்துகொள்ளுங்கள்: அவர் தம்ப்பிரின்ட்டை வாசிக்க, நீங்கள் உங்கள் பக்கம் இருப்பதோடு ஒத்துப்பாருங்கள். அங்கேயும் லோக்கல் மெஷின், ஸ்டோர் மட்டும் டிரஸ்டெட் ரூட் சர்டிபிகேஷன் அதாரிட்டீஸ். தானாகத் தேர்ந்தெடு என்று விட்டால் வேறு இடத்தில் போய் விழும், நீங்களே காட்டுங்கள். ஐபேடில் ப்ரொஃபைலாக ஏற்றிய பிறகு செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட், அதன் அடியில் சர்டிபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸ் போய் ஆன் செய்தால்தான் நம்பும்.

இனி பெயரை வைத்து இணைத்துப் பாருங்கள். கட்டம் வராமல் நேராக உள்ளே போக வேண்டும். முழுத்திரையில் மேலே நடுவில் இருக்கிற பட்டையில் பூட்டுப் படத்தை அமுக்கினால், சர்வர் சர்டிபிகேட்டை வைத்து உறுதி செய்யப்பட்டது என்று சொல்லும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் திரையில் ஷோ ஆப்ஷன்ஸ் கொடுத்து அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போங்கள். சர்வர் அதென்டிகேஷன் என்ற இடத்தில் எச்சரி என்று இருப்பதை மாற்றி, இணைக்காதே என்று பொருள்படும் டு நாட் கனெக்ட் என்பதை வையுங்கள். ஜெனரல் பகுதியில் சேவ் ஆஸ் கொடுத்து டெஸ்க்டாப்பில் ஃபைலாகப் போட்டு, இனி இதை மட்டும்தான் திறக்க வேண்டும் என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் சர்டிபிகேட் ஒத்துப்போகாவிட்டால் யெஸ் பட்டனே இருக்காது, இணைப்பு நின்றுவிடும், அவர் உங்களுக்குப் போன் செய்தாக வேண்டும். இந்த ஒரு செட்டிங்குக்காகத்தான் இவ்வளவு வேலையும்.

அந்த ஃபைலைத் திறக்கும்போது, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று வேறொரு எச்சரிக்கை வரலாம். அது ஃபைலைப் பற்றியது, சர்வரைப் பற்றியது இல்லை, இரண்டையும் குழப்பிக்கொண்டு சர்டிபிகேட்டைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பயனில்லை. வித்தியாசத்தை ஊழியர்களுக்குத் திரையைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் ஒருநாள் காலையில் மேலே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இணைய மறுத்தால், முதலில் அதன் தேதியைப் பாருங்கள். அடிக்கடி கரன்ட் போகிற இடத்தில் பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கடிகாரம் பல வருடம் பின்னால் போய், சர்டிபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. தேதி சரி என்றால் ஹோஸ்ட்ஸ் வரியையும், யாராவது பழையபடி ஐ.பி எண்ணை அடிக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால், காரணம் தெரிகிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்து யாரும் நுழைய வேண்டாம், அன்றைய எடையை நோட்டில் எழுதி வைக்கட்டும்.

புதுப்பிக்கிற நாளில் வேலை குறைவு. பென்டிரைவை எடுத்து, அதே சி.ஏவால் புதிய சர்வர் சர்டிபிகேட் ஒன்றில் கையெழுத்து போட்டு, போடி கம்ப்யூட்டரில் ஏற்றி, நெட்வொர்க் சர்வீஸ் அனுமதி கொடுத்து, ரெஜிஸ்ட்ரியில் தம்ப்பிரின்ட்டை மாற்றி, சர்வீசை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், சாவி புதியது. சி.ஏ மாறவில்லை என்பதால் மேலே இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரையும் தொட வேண்டாம். காலாவதியான பழைய சர்டிபிகேட்டை, புதியதில் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அழித்துவிடலாம்.